சர்வர் இருக்கையில் இருக்கிறார்

எடையளவு முத்திரைத் துறையின் தலைமை அலுவலகத்தில் நகல் பிரிவு எழுத்தராக இருந்தவருக்குக் கணினியைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயங்கள். காலையில் வந்ததும் அதைப் போட வேண்டும். மாலையில் கிளம்பும்போது அணைக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்பது வருடமாக ஒரு நாள் பிசகாமல் செய்துவந்தார். அவர் மேல் ஏதாவது தவறு சொல்லியே ஆக வேண்டுமென்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் தன் இருக்கையில் இருந்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, முத்திரை குத்தி, சான்றிதழ் கொடுப்பது அந்தத் துறையின் வேலை. பதினான்கு கிளை அலுவலகங்கள். கையால் எழுதிக் கொடுத்த காலம் போய், இனி எல்லாம் ஒரே மென்பொருள் வழியாக என்று முடிவாகியிருந்தது. மென்பொருளின் தலைமைப் பகுதி தலைமை அலுவலகத்தில் ஒரு சர்வரில் இருக்கும். கிளைகள் அதைக் கேட்டுக் கேட்டுச் சான்றிதழ் அச்சடிக்கும். சர்வருக்கென்று மூன்றாவது மாடியில் ஒரு அறை கட்டி, அழகாகப் பூட்டி வைத்திருந்தார்கள். நிறுவுவதற்கு இரண்டு பேர் வந்த அன்று சாவியை வைத்திருந்த அதிகாரி விடுப்பில் இருந்தார். வந்தவர்களுக்கு நாலரை மணிக்கு ரயில். மாடி மாடியாக இறங்கிப் பார்த்ததில், நகல் பிரிவில் ஒரே ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு பத்து நிமிஷம் எந்திரிச்சுக்கறீங்களா?"

எழுந்தார். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அந்த நாற்காலியிலிருந்து அவர் நிம்மதியாக எழுந்தது அதுதான் கடைசி.

அன்று பிற்பகலே பதினான்கு கிளைகளும் ஜோராகச் சான்றிதழ் அச்சடித்தன. மாலை ஐந்தே முக்காலுக்கு எழுத்தர் வழக்கம்போலக் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் கிளைகள் எட்டரைக்குத் திறந்தன, ஒன்றும் அசையவில்லை. பத்து இருபதுக்கு அவர் வந்து கணினியைப் போட்டதும் எல்லாம் உயிர் பெற்றது. இது எதனால் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் ஓடியது. வெவ்வேறு ஊர்களில் பதினான்கு பேர் சஸ்பெண்ட் ஆகும் நிலைக்கு வந்த பிறகுதான், பராமரிப்பு ஒப்பந்தத்தில் வந்துபோகும் கம்ப்யூட்டர்காரப் பெண் நகல் பிரிவுக்கு வந்து அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள்.

"சார், இது உங்க பேர்ல ஓடிட்டிருக்கு. நீங்க உள்ள வந்தாத்தான் இது எந்திரிக்கும். நீங்க வெளிய போனா இதுவும் படுத்துடும்."

"நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க? இந்த மாதிரி ப்ரோக்ராமையெல்லாம் பின்னணியில ஓடற மாதிரி வைக்கணும். மெஷினைப் போட்டதும் அதுபாட்டுக்கு ஓடும். யாரு வந்தா என்ன, யாரு போனா என்ன? அவங்க அவசரத்துல உங்க திரை ஜன்னல்ல திறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"மாத்திட முடியுமா?"

"ரெண்டு நிமிஷ வேலை. ஒரு கட்டத்துல டிக் போடணும், அவ்ளோதான். ஆனா நிர்வாகியோட கடவுச்சொல் வேணும்."

கடவுச்சொல் என்ற வார்த்தையைக் கேட்டதும் கூட நின்றிருந்த பிரிவுக் கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். அது அரக்கு முத்திரை வைத்த உறையில் இயக்குநரின் இரும்புப் பெட்டிக்குள் இருப்பதாகச் சொன்னார். உறையைப் பிரிக்கும் அதிகாரம் மூன்று பேர் கொண்ட கடவுச்சொல் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டுமே உண்டு. குழுவின் செயலாளர் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. புதுச் செயலாளரைக் குழு கூடித்தான் நியமிக்க வேண்டும். குழுவைச் செயலாளர்தான் கூட்ட வேண்டும்.

"அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு பண்ணிக்கலாம்," என்றார் கண்காணிப்பாளர்.

"என்ன ஏற்பாடு சார்?"

"நீங்க இருங்க."

இருந்தார். கிளைகள் திறப்பதற்கு முன்னால் எட்டு மணிக்கே வந்து, அவை மூடிய பிறகு ஏழு மணிக்குக் கிளம்பினார். மூன்றாம் நாள் இன்னொரு சிக்கல் தெரிந்தது. பதினைந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி தூங்கிவிடும். அது தூங்கினால் பதினான்கு கிளைகளும் தூங்கிவிடும். தூங்காமல் வைக்கவும் ஒரு கட்டம் இருந்தது. அதற்கும் அதே கடவுச்சொல்தான். எனவே அவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸை அசைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அசைத்த நேரத்தைக் குறிக்க இருநூறு பக்கப் பதிவேடு ஒன்று வந்தது. கழிப்பறைக்குப் போக விரும்பினால் ஏழு நிமிடம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு யாராவது வந்து அசைக்கட்டுமே என்று அவர் கேட்டதற்கு, ஒருவர் பெயரில் திறந்த கணினியை மற்றவர் தொடுவது பாதுகாப்பு விதிப்படி குற்றம் என்று பதில் வந்தது.

அலுவலகத்தில் அவரைச் 'சர்வர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "சர்வர், ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி," என்று தினமும் யாராவது ஒருவர் கதவருகே நின்று சொல்வார். சொல்கிற ஒவ்வொருவரும் அதைத் தான்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்ததுபோலச் சிரிப்பார். அவரும் சிரித்து வைப்பார். கை மட்டும் மவுஸின் மேல் இருக்கும்.

கம்ப்யூட்டர்காரப் பெண்ணுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, அதை மேசையில் வைத்து, மேலே மவுஸை வைத்தாள். நொடிமுள் ஓட ஓட, அடியில் என்னவோ நகர்கிறது என்று மவுஸ் நம்பிக்கொண்டது. திரையில் அம்புக்குறி துளித்துளியாக நகர்ந்தது. எழுத்தர் வாயைப் பிளந்தார். அன்று கழிப்பறைக்கு அவசரமில்லாமல் போனார். வராந்தாவில் நின்று தெருவைப் பார்த்தார். எதிர்க் கட்டடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். எப்போது அடித்தார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் குறிப்பாணை வந்தது. 'அரசுப் பணியைத் தனியார் கடிகாரம் ஒன்றிடம் ஒப்படைத்தது ஏன்? மேற்படி கடிகாரத்துக்கு அலுவலக ரகசியம் காக்கும் உறுதிமொழி பெறப்பட்டதா?' அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிகாரத்தை விசாரணை முடியும்வரை வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மாறுதல் உத்தரவு வந்தது.

எழுத்தரின் மனைவியும் அதே துறைதான். ஒன்பது மணி நேர ரயில் பயணத் தொலைவில், கடைசிக் கிளையில் முத்திரை ஆய்வாளராக இருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்த நாட்களை எண்ணினால் ஒரு வருடம் தேறாது. எழுத்தர் வருடா வருடம் விண்ணப்பம் போட்டார். இப்போது அந்தக் கிளைக்கே மாற்றி உத்தரவு வந்துவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"என்னங்க, நிஜமாவா? உத்தரவைக் கையில வெச்சுட்டுத்தான் சொல்றீங்களா?"

"ஒரு கையில."

"இன்னொரு கை?"

"மவுஸ் மேல."

கண்காணிப்பாளர் வாயெல்லாம் பல்லாக வாழ்த்தினார். பிறகு இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். "ஒரே ஒரு சின்ன சங்கடம்," என்றார். நாற்பத்தேழாம் எண்ணில், மேசைக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில், 'சர்வர் – 1 (எழுத்தருடன்)' என்று எழுதியிருந்தது.

"இருப்புல ஏறின சாமானை அப்படியெல்லாம் வெளிய அனுப்ப முடியாதுங்க. உபயோகத்துக்கு லாயக்கில்லைன்னு தொழில்நுட்பக் குழு சான்று தரணும். அப்புறம்தான் உங்களை விடுவிக்க முடியும்."

"நான் மனுஷன் சார்."

"அது எனக்குத் தெரியாதா? ஆனா பதிவேட்டுல அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே."

தொழில்நுட்பக் குழு ஒரு புதன்கிழமை வந்தது. இரண்டு பேர். கணினியைச் சுற்றி வந்தார்கள்; அவரையும் சுற்றி வந்தார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை என்பதைத் தவிர எல்லாம் பார்த்தார்கள். உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று காட்ட அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். முதுகு வலிக்கிறது என்றார், மணிக்கட்டு மரத்துப்போகிறது என்றார், சில நேரம் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை என்றார். இருவரில் பெரியவர் எல்லாவற்றையும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

"பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை அசைக்கறீங்கல்ல?"

"அசைக்கறேன் சார்."

"ஒருதடவையாவது தவறினதுண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எதிரிலேயே பதிவேடு கிடந்தது. இருநூறு பக்கமும் அவர் கையெழுத்து. "இல்லை சார்," என்றார். 'நல்ல நிலையில் உள்ளது. மேலும் பத்து ஆண்டுகள் பயன்படுத்தலாம்' என்று சான்று வந்தது.

அந்தச் சான்றைப் பார்த்து இயக்குநருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பத்து வருடம் ஓடப்போகிற ஒன்றுக்கு முறையாகத் திறப்பு விழா நடத்த வேண்டாமா? நகல் பிரிவுக்குள் எழுத்தரின் மேசையைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு எழும்பியது. 'தரவு மையம்' என்று பலகை ஏறியது. கணினிக்குச் சூடு ஆகாது என்று குளிர்சாதனம் வைத்தார்கள். அவர் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். தும்மும்போது மவுஸ் தானாக அசைந்ததால் அதையும் பதிவேட்டில் குறித்தார்.

விழா அன்று இயக்குநர் கண்ணாடிக்கு வெளியே நின்று பேசினார்.

"மனிதத் தலையீடே இல்லாத சேவை! இதுதான் நம்முடைய கனவு. மனிதன் இருக்கிற இடத்தில் தாமதம் இருக்கும், தவறு இருக்கும். இதோ இந்த இயந்திரத்தைப் பாருங்கள். இதற்குப் பசி உண்டா? விடுப்பு உண்டா? குடும்பம் உண்டா? யாரும் தொடாமல் தானாக இயங்குகிறது. இனி காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மக்களுக்குச் சேவை கிடைக்கும்!"

காலை ஆறு மணிக்குத் தராசுச் சான்றிதழ் கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை. இருந்தாலும் பலமாகக் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியபோதுதான் கண்ணாடிக்குள் சால்வையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது எல்லோர் கண்ணையும் உறுத்தியது.

"கொஞ்சம் மேசைக்கு அடியில போயிடுங்க, ஒரே ஒரு நிமிஷம்," என்றார் கண்காணிப்பாளர்.

போனார். ஆனால் பதினைந்து நிமிடம் முடிய இருபது நொடிதான் பாக்கி. மறுநாள் துறையின் செய்திமடலில் படம் வந்தது: இயக்குநர், மாலை, ரிப்பன், பளபளக்கும் கணினி, மேசை விளிம்புக்கு மேலே மவுஸைப் பிடித்தபடி ஒரு கை. அடியில் 'தானியங்கிச் சேவையைத் தொடங்கிவைத்த இயக்குநர்' என்று போட்டிருந்தார்கள். மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அந்தக் கை உங்க கைதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பதினோரு வருஷத்துல நான் அதிகமா பார்த்தது அதைத்தான். ரயில் ஜன்னல்ல ஆட்டிக்கிட்டே போவீங்கல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் கிளம்பி வரேன். ஒரு டிக் போட இவங்களுக்கு எத்தனை வருஷம் வேணும்னு நேர்ல கேக்கறேன்."

அவள் கேட்பாள் என்று தெரிந்தோ என்னவோ, அதற்குள் கடவுச்சொல் பாதுகாப்புக் குழுவை இயக்குநரே தனி அதிகாரத்தில் கூட்டிவிட்டார். அரக்கை உடைக்கும்போது சாட்சிக்கு எழுத்தர் வேண்டுமென்றார்கள். அவர் எழுந்து வர முடியாததால், குழு கண்ணாடிக்குள் வந்து நெருக்கியடித்து நின்றது. கம்ப்யூட்டர்காரப் பெண் தயாராக அருகில் நின்றாள். கத்தரிக்கோல், உறை, உறைக்குள் உறை. கடைசியில் நாலாக மடித்த ஒரு தாள். இயக்குநர் கண்ணாடி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'முந்தைய கடவுச்சொல்லே தொடர்கிறது.'"

கீழே ஓய்வுபெற்ற செயலாளரின் கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது. தாளைத் திரும்ப மடித்து, புது உறையில் போட்டு, புது அரக்கு வைத்தார்கள். கூட்டம் வெற்றிகரமாக முடிந்ததாகக் குறிப்பு எழுதப்பட்டது.

"ஓய்வான செயலாளரையே கேட்டுப் பாக்கலாமே சார்," என்றாள் அந்தப் பெண்.

"கேட்டோம்மா. ரகசியம் காக்கறதா உறுதிமொழி குடுத்திருக்காராம். ரொம்ப நேர்மையான மனுஷன்," என்றார் கண்காணிப்பாளர்.

மனைவி வந்து சேர்ந்தது அடுத்த வாரம். கடைக்காரர்கள் அவளைத் தூரத்தில் பார்த்தாலே எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். பேச்சும் அப்படித்தான், கூடவும் குறையவும் இருக்காது. இயக்குநர் அறையில் நின்றுகொண்டே பேசினாள்.

"ஐயா, நாங்க அதிகமா ஒண்ணும் கேக்கல. புருஷன் பொண்டாட்டி ஒரே ஊர்ல இருக்கணும். அவரை அனுப்புங்க, இல்ல என்னை இங்க கூப்பிட்டுக்கோங்க. பதினோரு வருஷமாச்சு. இதுக்கு மேல எங்களுக்குப் பொறுக்கற வயசு இல்ல."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தார்.

"அம்மா, குடும்பம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஒரு குடும்பத்தைப் பிரிச்சு வெச்சு இந்தத் துறை என்ன சாதிக்கப் போகுது? இது மனிதாபிமானம் உள்ள அலுவலகம். இன்னிக்கே உத்தரவு போடறேன். நீங்க ரெண்டு பேரும் இனிமே ஒரே ஊர், ஒரே அலுவலகம். ஏன், ஒரே அறைன்னே சொல்றேன்!"

அவள் கைகூப்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, எழுத்தர் அன்றைக்கு முதல்முறையாக ஒரு பதினைந்து நிமிடத்தைத் தவறவிட்டார். பதினான்கு கிளைகளும் சற்று நேரம் நின்றுபோயின. அதற்கு விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணையைக் கூட அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீடு பார்த்தார்கள். அவள் தன் சாமான்களை ரயிலில் போட்டுக்கொண்டு வந்தாள்: இரண்டு பெட்டி, ஒரு மடக்கு மேசை, செடித் தொட்டி மூன்று. ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் பணி முடிந்து வந்த பிறகு இருவரும் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டினார்கள். திங்கட்கிழமை அவள் பணியில் சேர்ந்தாள். கண்காணிப்பாளர் உத்தரவை நீட்டினார். பதவி: 'மாற்றுச் சர்வர்.'

"நான் முத்திரை ஆய்வாளர் சார். தராசு பாக்கறதுதான் என் வேலை."

"இதுவும் ஒரு வகையில தராசுதாம்மா. பாதுகாப்பு விதிப்படி அவரோட கணினியை அந்நியர் தொடக்கூடாது. நீங்க அந்நியர் இல்ல. கணவனும் மனைவியும் ஒரே பயனர்னு இயக்குநர் விளக்கம் குடுத்திருக்கார். காலை ஆறு டு ரெண்டு அவர். ரெண்டு டு பத்து நீங்க."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரம் பாக்கறோமே?"

"சேர்ந்து இருந்தா அது எப்படிம்மா மாற்று ஆகும்?"

ஞாயிற்றுக்கிழமையும் சேவை நடப்பதால், வாரம் ஒரு நாள் விடுப்பு உண்டு. அவருக்கு வியாழன், அவளுக்குத் திங்கள். ஒருவருக்கு விடுப்பென்றால் மற்றவர் பதினாறு மணி நேரமும் உட்கார வேண்டும். இருவரும் ஒரே நாள் விடுப்பு எடுப்பது சேவை முறிவு எனக் கருதப்படும். அவர் காலை நாலரைக்கு எழுந்து, அவள் தூக்கம் கலையாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவள் பத்தரைக்கு வந்து, அவர் தூக்கம் கலையாமல் கதவைத் திறந்தாள். ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருந்தபோது தினமும் அரை மணி நேரம் போனில் பேசுவார்கள். இப்போது ஒரே வீடு என்பதால் போன் பேசத் தேவையில்லாமல் போயிற்று.

பேச்சு எல்லாம் அடுக்களைச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் நடந்தது. 'பால் காய்ச்சி வைத்திருக்கிறேன்.' 'சிலிண்டர் சொல்லிவிட்டேன்.' 'செடிக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு, நீங்களும் ஊற்றாதீர்கள், அழுகுகிறது.' ஒருநாள் அவள் எழுதினாள்: 'நேற்றுத் தூக்கத்தில் கையை அசைத்துக்கொண்டே இருந்தீர்கள்.' அதற்குக் கீழே அவர் எழுதினார்: 'நீயும்தான்.'

நேருக்கு நேர் பார்ப்பது இரண்டு மணிக்குத்தான். அதற்கும் நடைமுறை இருந்தது. 'மவுஸ் எக்கணமும் கையின்றி இருத்தலாகாது. பொறுப்பேற்பவர் கை வைத்த பின்னரே ஒப்படைப்பவர் கையை எடுக்க வேண்டும்.' கண்காணிப்பாளர் பதிவேட்டோடு கண்ணாடிக்கு வெளியே நிற்பார். அவள் உள்ளே வருவாள்; அவர் கையின் மேல் கை வைப்பாள்; அவர் உருவிக்கொள்வார். சாவி மேசை மேல் என்பாள், சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன் என்பாள், முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கை வைத்தபோது அவர் எடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க?"

"கை வெச்ச பிறகு எடுக்கணும்னுதான் விதி. எவ்வளவு நேரத்துல எடுக்கணும்னு போடலை."

அவள் சால்வையின் ஒரு முனையை இழுத்துத் தன் தோளிலும் போட்டுக்கொண்டாள். இரண்டு கைக்கும் அடியில் மவுஸ் இருந்தது. திரையில் அம்புக்குறி நிற்க இடம் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஊரில் யாருக்கோ சான்றிதழ் அச்சாகிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் போயிருக்கும், இரண்டும் போயிருக்கலாம். கண்காணிப்பாளர் கண்ணாடியில் தட்டினார். அவர்கள் திரும்பவில்லை. மறுபடி தட்டினார்; பிறகு பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருத்தம் வந்தது. ஒப்படைப்பு நேரம் ஐந்து நொடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். நொடி எண்ணுவதற்குக் கண்காணிப்பாளருக்கு விசில் ஒன்றும் வழங்கப்பட்டது. இரண்டு மணிக்கு அவள் வந்து, உத்தரவைப் படித்து, மடித்து மேசையில் வைத்துவிட்டு, அவர் கையின் மேல் கையை வைத்தாள்.

"அஞ்சு நொடியாம்," என்றாள். "சொல்லுங்க. என்ன சொல்லணும் எங்கிட்ட?"

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தார். விசில் ஊதிவிட்டார்கள்.